மூட்டைக்கு ரெண்டு மாத்திரை

பி.காம். படித்தவன் இந்த நாட்டில் செய்ய முடியாத வேலை ரொம்பக் கொஞ்சம். வங்கி மேனேஜர் ஆகலாம். சினிமா எடுக்கலாம். மந்திரி ஆகலாம். ஒன்றும் தேறாவிட்டால் என்னைப்போல் பத்திரிகையில் உட்கார்ந்து ஊரைத் திட்டலாம். ஆனால் பூச்சி ஒழிப்பு கம்பெனி நடத்த உரிமம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதற்கு விவசாயப் பட்டம் வேண்டும், அல்லது வேதியியல் படித்த அறிவியல் பட்டம் வேண்டும். போதாக்குறைக்கு மைசூர், ஹாப்பூர், ஐதராபாத் போன்ற ஊர்களில் இருக்கும் மத்திய நிறுவனம் ஒன்றில் 15 நாளாவது பயிற்சி எடுத்த சான்றிதழும் வேண்டும். பூச்சிக்கொல்லி விதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நல்ல விதிதான். அலுமினியம் பாஸ்பைடு என்று ஒரு மாத்திரை இருக்கிறது. தானிய மூட்டையில் வண்டு, அந்து கொல்வதற்கு. அதற்கு இன்னும் கடுமையான விதி. அரசாங்கம் பயன்படுத்தலாம், அரசு நிறுவனங்கள் பயன்படுத்தலாம், அரசு அங்கீகரித்த நிபுணரின் கண்காணிப்பில் பூச்சி ஒழிப்பு நிறுவனங்கள் பயன்படுத்தலாம். மற்றவர்கள் தொடக் கூடாது. 3 கிராம் மாத்திரைகளை 10, 20 என்று அடைத்து விற்ற சின்ன ட்யூப்களை 2001 ஜூலையில் மத்திய அரசு முழுசாகவே தடை செய்தது. சின்னப் பாக்கெட் யார் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்துதான் தடை செய்தார்கள்.

போன மாதம் தண்டையார்பேட்டை பக்கம், தவிடு புண்ணாக்கு விற்கும் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். வேறு ஒரு கட்டுரைக்காகப் போனது. சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"தீவனத்துல வண்டு விழுந்துடுச்சுங்க. ஏதாவது இருக்கா?"

"எத்தினி மூட்டை சார்?"

"நாலு."

"மூட்டைக்கு ரெண்டு மாத்திரை. துணியில முடிஞ்சு உள்ள வெச்சிடுங்க. ஈரக் கையால தொடாதீங்க, அவ்ளோதான்."

"வீட்டுக்குள்ளயே வைக்கலாமா?"

"லைட்டா பூண்டு வாசன மாதிரி வரும். ஜன்னல தொறந்து வெச்சுக்கங்க சார்."

எட்டு மாத்திரை, பழைய பேப்பரில் மடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பெயர் கேட்கவில்லை. முகவரி கேட்கவில்லை. பில்லும் இல்லை. விலை ஜாஸ்தி என்று சாக்குச் சொல்லிவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன். உரிமம் வாங்கத் தகுதியில்லாத பி.காம்.காரனுக்கு, உரிமம் பெற்ற நிபுணர் மட்டுமே தொட வேண்டிய விஷம், பொட்டலத்தில் கிடைக்கிறது. கடைக்காரரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. அவர் நல்லவர். ஈரக் கையால் தொடாதே என்று ஓர் எச்சரிக்கையாவது கொடுத்தார். நம் அரசாங்கம் அந்த அளவுகூடச் சொல்லவில்லையே.

அவர் சொன்ன ஈரம்தான் விஷயமே. இந்த மாத்திரை பூச்சியைக் கொல்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரப்பதத்தோடு சேர்ந்ததும் அதிலிருந்து பாஸ்பீன் என்று ஒரு வாயு கிளம்புகிறது. அதுதான் கொல்கிறது. ஒரு 3 கிராம் மாத்திரையிலிருந்து சுமார் ஒரு கிராம் வாயு. காற்றைவிடக் கொஞ்சம் கனமானது. ஆகவே தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் பக்கம் முதலில் வரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பார்கள், ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பார்கள், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கடல்காற்றின் ஈரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரியும். இந்த மாத்திரைக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது.

மாத்திரையைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் ரேஷன் அரிசியில் பாதி வண்டுக்குத்தான் போகும். ஆனால் அது எங்கே பயன்பட வேண்டியது? மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளைப் பாருங்கள். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிகளுக்கு உள்ளே வாயு விட்டால், கதவில் மண்டை ஓட்டுப் படம் ஒட்ட வேண்டும். எந்தத் தேதி, எந்த வாயு, யார் போட்டது, எப்போது திறக்கலாம் என்று எழுத வேண்டும். அரசுக் கிடங்கில் என்றால் மூட்டை அடுக்கை மொத்தமாகப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரத்தில் மணல் பாம்பு வைத்து அடைத்து, நாள் கணக்கில் விட்டு, பிறகு காற்றாட வைத்து, வாயு போய்விட்டதா என்று அளந்து பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். மணல் பாம்பு என்றால் மணல் நிரப்பிய நீளத் துணிப்பை. பெயர் நன்றாக இருக்கிறது.

அங்கே இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு சடங்கு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், பத்துக்குப் பத்து அறையில், ஒரு பக்கம் நாலு தவிட்டு மூட்டை, மறுபக்கம் பாட்டியும் பேரனும். வடசென்னையில் மாடு வைத்திருப்பவர்கள் ஏதோ அரிய இனம் என்று தென்சென்னைக்காரர்கள் நினைக்கலாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் சந்துகளில் நடந்தால் தெரியும். மாடு உண்டு, ஆடு உண்டு, மொட்டை மாடிக்கு மாடி பந்தயப் புறா உண்டு. கம்பும் சோளமும் கோதுமையும் பட்டாணியும் மாடிப்படிக்கு அடியில் மூட்டையாக இருக்கும். சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க பிரிட்டனில் 1986 வரைக்கும் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோனார்கள். மனிதனுக்கு முன்னால் அது மயங்கிவிடும். நாம் அதே குருவி ஜாதியின் தீனியிலேயே விஷவாயு வைக்கிறோம்.

விஷமும் தீனியும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புதுப் பாடம் இல்லை. 1958ல் கொச்சிக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலில், கோதுமை மாவு மூட்டைகளோடு ஃபாலிடால் என்கிற பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து ஒழுகியது. மாவு நனைந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த மாவு விற்பனைக்குப் போனது. ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலுமாக நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதாவது இந்தியாவில் பூச்சிமருந்துக்கு ஒரு சட்டம் பிறந்ததே, கப்பலில் மாவும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால்தான். துறைமுகத்துக்காரர்களான நமக்கு மற்றவர்களைவிட இது நன்றாக ஞாபகம் இருக்க வேண்டும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சப்ரா பக்கம் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, அதிலும் இதே கதை. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ்.

அது பீகார் என்பீர்கள். சரி, குன்றத்தூருக்கு வாருங்கள். 2024 நவம்பரில் மணஞ்சேரியில் ஒரு அடுக்குமாடி வீடு. எலித் தொல்லை. படித்த குடும்பம். தாங்களாகப் பொட்டலம் வாங்கவில்லை. பணம் கொடுத்து பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைத்தான் கூப்பிட்டார்கள். ஆட்கள் வந்து அங்கங்கே மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பம் ஏசி போட்டுக் கதவை மூடிக்கொண்டு தூங்கியது. விடிந்தால் நவம்பர் 14, குழந்தைகள் தினம். 6 வயதுப் பெண்ணும் 1 வயதுப் பையனும் இறந்துபோனார்கள். பெற்றோர் மட்டும் பிழைத்தார்கள். தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. அப்புறம் வேறு செய்தி வந்துவிட்டது.

இதே மாதிரி ஒன்று அமெரிக்காவிலும் நடந்தது. 2010 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் லேட்டன் என்ற ஊர். தோட்டத்து எலி வளைக்குள் பூச்சி ஒழிப்பு ஆள் பாஸ்பைடு போட்டார், வீட்டுக்கு வெளியேதான். வாயு தரைக்கடியில் கசிந்து வீட்டுக்குள் வந்தது. 4 வயதிலும் ஒன்றே கால் வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள் போய்விட்டார்கள். அதே வருஷம் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், குடியிருப்புப் பகுதியில் இந்த மருந்தே கூடாது என்று தடை போட்டது. நம்மிடம் தடை அதற்கு முன்னாலேயே காகிதத்தில் இருக்கிறது. அவர்களிடம் இல்லாத சட்டத்தை அவர்கள் சில மாதத்தில் போட்டு நடத்துகிறார்கள். நாம் இருக்கிற சட்டத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த அலமாரிக்கு எந்த வண்டும் வராது.

வாயு என்றால் என்னவென்று வடசென்னைக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், மணலி கன்டெய்னர் கிடங்கில் 2015லிருந்து 740 டன் அம்மோனியம் நைட்ரேட் தூங்கிக்கொண்டிருப்பது நம் அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் விஷத்தைக் கேள்வி கேட்கும் அதே ஜனம், தவிட்டுக் கடையிலிருந்து மஞ்சப்பையில் வரும் விஷத்தை ஏன் கேட்பதில்லை? ஏனென்றால் அது விஷம் என்றே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெயரே "மாத்திரை." நம் ஊரில் மாத்திரை என்றால் ஜுரத்துக்குப் போடுவது.

"எல்லாம் பேசுவீங்க தம்பி. வண்டு விழுந்தா மாடு வாய வெக்காது. மூட்டை ஆயிரக்கணக்குல வெல. நான் இன்னா பண்றது?" என்று திருவொற்றியூரில் மூன்று கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தடை தடை என்று கத்துகிறவன் அயோக்கியன்.

பதில் என்னுடைய பி.காம். இரண்டாம் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. சரக்கு மதிப்பீட்டில் ஃபிஃபோ, லிஃபோ என்று இரண்டு முறை சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போவது ஃபிஃபோ. கடைசியாக வந்தது முதலில் போவது லிஃபோ. நம் வீடுகளில் நடப்பது சுத்தமான லிஃபோ. புது மூட்டை வந்தால் பழைய மூட்டைக்கு மேலே போடுகிறோம். மேலே இருப்பதை எடுத்துச் செலவழிக்கிறோம். அடியில், சுவரோரத்தில், தரை ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும் மூட்டைதான் வண்டுகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. சிவப்பு மாவு வண்டு ஒன்று தன் ஆயுளில் சில நூறு முட்டை போடும். நம் ஊர் வெக்கையில் முட்டை வண்டாக ஒரு மாதம் போதும். மூன்று மாத ஸ்டாக் வைத்திருந்தால் மூன்று தலைமுறையைக் கூட வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூட்டையின் மேல் வாங்கிய தேதியை எழுதிப் போட ஒரு கரித்துண்டு போதும்.

இரண்டாவது, ஈரம். தரையில் வைக்காதே, சுவரில் சாய்க்காதே, இரண்டு பலகை போட்டு அதன்மேல் வை. துறைமுகத்துக் கழிவு மரப்பலகை வடசென்னையில் கிடைக்காத பொருளா? மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, சித்திரை வெயிலோ புரட்டாசி வெயிலோ, மெல்லிசாகப் பரப்பு. தானியம் 50 டிகிரிக்கு மேல் சூடானால் வண்டும் புழுவும் தாங்காது. சாயங்காலம் ஆறவைத்துத்தான் மூட்டையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, செய்த வேலை வீணாகும். புறாத் தீனி மாதிரி அஞ்சு பத்து கிலோ என்றால் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டை உட்படக் காலி. வீட்டில் என்ன பேச்சு விழும் என்பது தனி விஷயம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். மோகன் உருவாக்கிய பூச்சிப் பொறி. துளைகள் போட்ட ஒரு குழாய். மூட்டைக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடிப் போகும் வண்டு துளை வழியே உள்ளே நுழைந்து அடியில் உள்ள கூம்பில் விழும். ஏற முடியாது. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். மூட்டையில் வண்டு இருக்கிறதா என்பதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கடையிலாவது இதை எடுத்து நீட்டுகிறார்களா? நான் போன ஏழெட்டு தீவனக் கடையில் ஒருவருக்கும் இதன் பெயர் தெரியவில்லை. வண்டு மாத்திரை எல்லாருக்கும் தெரிகிறது.

பாட்டிக்கு நான் சொன்ன முக்கியமான விஷயம் வேறு. வண்டு செத்துப்போனதும் மூட்டை சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஈரமான புண்ணாக்கில் வண்டுக்குக் கூடவே பூஞ்சணம் வரும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். இங்கிலாந்தில் 1960ல் ஒரு லட்சம் வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கண்டுபிடித்தார்கள். பாஸ்பீன் வாயு இந்த நஞ்சை ஒன்றும் செய்யாது. மாடு தின்றால் பாலில் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019ல் முடிவை வெளியிட்டது. வரம்பை மீறி அஃப்ளடாக்சின் இருந்தவற்றில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? தமிழ்நாடு. 551 மாதிரியில் 88. தண்ணீர் கலந்த பாலுக்காக பால்காரரோடு நாற்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம். தண்ணீர் கலந்த தீவனத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சாக்கு மூட்டையில் போட்ட மாத்திரையின் வாயு நாலு பக்கமும் கசிந்துவிடும். பாதி வண்டு சாகும். மீதி, விஷத்தைத் தாங்கிப் பழகியது, பிள்ளை பெறும். 1970களிலேயே ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் உலகம் முழுக்கச் சேகரித்த தானியப் பூச்சிகளில் சுமார் பத்தில் ஒன்றில் பாஸ்பீனைத் தாங்கும் வகை இருந்தது. அரைகுறை மாத்திரையால் நாம் நடத்துவது பூச்சி ஒழிப்பு இல்லை, பூச்சிகளுக்கு டியூஷன்.

மாடு இல்லாத வாசகர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பால்கனிக்கு வருகிறேன்.

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. மாவுப்பூச்சி. உடனே என்ன செய்வோம்? கையில் கிடைக்கும் ஸ்பிரேயை எடுத்து அடிப்போம். இல்லாவிட்டால் நர்சரிக்காரர் கொடுக்கும் லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஒரு மூடி. முன்பெல்லாம் நுவான். மாட்டு உண்ணிக்கு, கரப்பானுக்கு, ரோஜாச் செடிக்கு என்று சர்வரோக நிவாரணி. அதில் இருக்கும் டைக்ளோர்வாஸ் என்கிற மருந்தை மத்திய அரசு 2018ல் பட்டியல் போட்டு, 2020 டிசம்பர் 31லிருந்து தடை செய்துவிட்டது. பழைய பாட்டில் இன்னும் எத்தனை பரண்களில் இருக்கிறதோ. பன்னிரண்டு தொட்டி இருக்கும் பால்கனிக்கும், பன்னிரண்டு ஏக்கர் பருத்திக்கும் ஒரே பாட்டில் எப்படிப் பொருந்தும்? பருத்திக்காட்டில் யாரும் துணி காயப்போடுவதில்லை. கறிவேப்பிலையும் கிள்ளுவதில்லை.

நம் பகுதியில் இன்னொரு விசேஷம் உண்டு. ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைச் சட்டையை மாடியில் காயப்போட்டால் கறுப்பாக எடுக்க வேண்டியிருந்த காலம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே இருந்தது. இந்தத் தூசி செடிக்கு என்ன செய்கிறது? இலைமேல் படியும் தூசி, சிவப்புச் சிலந்திக்கு மெத்தை. அந்தச் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கு அதே தூசி எமன். வறட்சியும் புழுதியும் சேர்ந்தால் சிலந்திப்பூச்சி பெருகும் என்பது எந்தத் தோட்டக்கலை மாணவனுக்கும் தெரியும். ஆக, உங்கள் ரோஜாவின் பூச்சி பாதி மின்வாரியம் வளர்த்தது. அதற்கு முதல் மருந்து தண்ணீர். இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டு முறை பீய்ச்சிக் கழுவினால் சிலந்தியும் அசுவினியும் முக்கால்வாசி போய்விடும். லாரித் தண்ணிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் செடியைக் கழுவு என்று சொல்கிறேனே என்று கோபம் வரும். அரிசி களைந்த தண்ணீர் போதும். அதுவும் இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடையுங்கள்.

மாவுப்பூச்சிக்கு இந்த மாநிலமே ஒரு பெரிய பரிசோதனை நடத்திப் பார்த்துவிட்டது. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி எல்லாம் வெளுத்துப்போயின. விவசாயிகள் மருந்தாக அடித்துத் தள்ளினார்கள். மேலே மெழுகுப் போர்வை போர்த்திய பூச்சிக்கு அது மழைத்தூறல். கூடவே நல்ல பூச்சிகள் செத்ததுதான் மிச்சம். கடைசியில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2010ல் வெளியே விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே தின்றது. சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. டன் டன்னாக மருந்து சாதிக்காததை எறும்பைவிடச் சின்னக் குளவி சாதித்தது. அந்தக் குளவி உங்கள் செம்பருத்தியிலும் இருக்கலாம். நீங்கள் ஸ்பிரேயை எடுக்கும்போது முதலில் சாவது அதுதான்.

அதற்காக "இயற்கை" என்று லேபிள் ஒட்டியதெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்ப எண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் தெளித்தால் வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி அரை பாட்டில் ஊற்றினால் இலை கருகும். தானியத்தில் வசம்பு போடும் பாட்டி வைத்தியமும் அப்படித்தான். வசம்பில் உள்ள பொருளை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968லேயே சொல்லிவிட்டது. விதை நெல்லுக்குப் போடலாம், மாட்டுத் தவிட்டுக்கு வேண்டாம். செடிப் பூஞ்சணத்துக்கு வேப்ப எண்ணெய் பயன்படுத்தும் முறை தங்கள் கண்டுபிடிப்பு என்று ஓர் அமெரிக்க கம்பெனி வாங்கிய காப்புரிமையை எதிர்த்து ஐரோப்பாவில் பத்து வருஷம் வழக்காடி, 2005ல் இறுதியாக ஜெயித்தோம். மூனிச்சில் வேம்புக்காகக் கொடி பிடித்த தேசம், தன் வீட்டு பால்கனியில் லேபிள் இல்லாத பாட்டிலை நம்புகிறது.

இப்போது கேள்வி, இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? பூச்சிமருந்துக் கடையைச் சோதிப்பது வேளாண்மைத் துறையின் வேலை. ஒரு சென்ட் வயல்கூட இல்லாத ராயபுரத்தில் வேளாண்மை அதிகாரியை யாராவது கண்ணால் பார்த்திருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள். மாநகராட்சியைக் கேட்டால், கொசு எங்களுடையது, வண்டு எங்களுடையது இல்லை என்பார்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மனிதன் சாப்பிடுவது மட்டும்தான் உணவு. மாத்திரை என்ற பெயர் இருந்தாலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இது மருந்து இல்லை. கால்நடைத் துறை மாட்டுக்கு ஊசி போடும், மூட்டையைப் பார்க்காது. ஐந்து துறை இருக்கிறது, ஐந்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் தவிட்டுக் கடை இருக்கிறது.

1968 சட்டத்தை மாற்ற 2008ல் ஒரு மசோதா, 2020ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்குப் போயின. புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை. கடைக்கு வருஷா வருஷம் தொழில் உரிமம் புதுப்பித்துக் கொடுப்பது மாநகராட்சி. புதுப்பிக்கும்போது தீவனம், பறவைத் தீனி, நர்சரிக் கடைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: அலுமினியம் பாஸ்பைடு இந்தக் கடையில் இல்லை என்று தமிழில் ஒரு போர்டு. மீறினால் உரிமம் ரத்து. வைத்திருக்கும் பழைய ஸ்டாக்கை அபராதம் இல்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ள வேளாண்மைத் துறை ஒரு மாதம் அவகாசம் கொடுக்கட்டும். அந்தக் கடையிலேயே பூச்சிப் பொறியைப் பாதி விலைக்கு விற்கட்டும். நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கோழிப் பண்ணை முதலாளிகள் அங்கே மாதிரி அனுப்புகிறார்கள். மூன்று மாடு வைத்திருக்கும் பாட்டியின் ஒரு பிடி புண்ணாக்கை வாங்கி அனுப்ப மாதவரம் பால்பண்ணையில் ஒரு மேஜையும் நாற்காலியும் போடுவது பெரிய செலவா?

திருவொற்றியூர் 1வது மண்டலம், மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5. ஐந்து மண்டலத்துக்கும் மண்டலக் குழுத் தலைவர்கள் உண்டு, மாதாந்திரக் கூட்டம் உண்டு. வாசகர்கள் அவரவர் கவுன்சிலரிடம், உங்கள் வார்டில் எத்தனை கடைகளில் வண்டு மாத்திரை சில்லறையில் கிடைக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால், ஒரு பழைய பேப்பரையும் நாலு மூட்டைக் கதையையும் கொடுத்து அவரையே கடைக்கு அனுப்பி வையுங்கள்.